கொடையும் அரசும் கைகோத்த வாழ்வு: தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார்

சீயகங்கன் என்னும் அரசன் வேண்டிக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றி அருளினார் என்பதை நம் குடும்பங்களில் அறியாதார் இலர். அரசன் ஆதரவு நல்கினான். பற்றற்ற முனிவர் அறிவை நல்கினார். இரண்டும் கூடியமையால் தமிழ் மாணாக்கர் பல நூற்றாண்டுகளாகப் பயன் பெறுகின்றனர். அரசும் அறச்சிந்தையுடையோரும் கூடிப் பணியாற்றும் இம்முறைக்கு இருபதாம் நூற்றாண்டில் கொங்கு நாடு தந்த சிறந்த எடுத்துக்காட்டு, தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் ஆவார்.

இவர் 1903ஆம் ஆண்டு திருப்பூரில் செல்வக் குடியில் பிறந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சட்டம் கற்றார். வழக்கறிஞர் தொழிலில் பொருளீட்டும் வாய்ப்பிருந்தும் அதில் மனம் செலுத்தவில்லை. இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோர் நெறியிலும் காந்தியடிகள் வழியிலும் ஈடுபட்டார். திருமணம் செய்துகொள்ளாமல் தம் செல்வத்தையும் வாழ்நாளையும் கல்விப் பணிக்கே அளித்தார்.

1930இல் ஒரு சில சிறுவர்களுடன் ஸ்ரீ ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். சாதி வேறுபாடின்றிச் சிறுவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, ஒன்றாகக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தீண்டாமை வேரூன்றியிருந்த அக்காலத்தில் இது எளிய செயலன்று. 1934இல் காந்தியடிகள் கோவைப் பகுதிக்கு வந்தபோது, பெரியநாயக்கன்பாளையத்தில் வித்தியாலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். விடுதலைப் போராட்டத்தில் அவினாசிலிங்கம் பலமுறை சிறை சென்றபோதும் பள்ளி தளரவில்லை.

பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி தரும் முறை நம் நாட்டில் 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையிலிருந்து வளர்ந்தது. நிலம், கட்டடம், நிர்வாகம் ஆகியவை அறநிலையத்தின் பொறுப்பு; நடைமுறைச் செலவில் ஒரு பகுதி அரசின் பொறுப்பு. கணக்குகளைத் தணிக்கைக்குக் காட்ட வேண்டும். ஆய்வாளர் வந்து பார்வையிடுவார். பாடத்திட்டமும் ஆசிரியர் தகுதியும் விதிகளுக்கு உட்பட வேண்டும். இவ்வுதவியால் பள்ளிகள் பெருகின. ஆயினும் தொண்டு உள்ளம் விதிகளுக்குள் அடங்கி ஒடுங்கிவிடுமோ என்னும் அச்சமும் நிலைத்தே வந்தது.

மேசையின் இருபுறமும் அமர்ந்து இவ்வினாவை எதிர்கொள்ளும் வாய்ப்பு அவினாசிலிங்கத்திற்கு வாய்த்தது. பள்ளி நிறுவிய அவரே 1946இல் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரானார். பிரகாசம் அமைச்சரவையிலும், பின்னர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலும் அப்பொறுப்பை வகித்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி வழியாகக் கற்பித்தலை வளர்த்தார். அவர் காலத்தில் இயற்றப்பெற்ற 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமாகும். சொத்து வரியுடன் சிறு தொகையை நூலக வரியாகச் சேர்த்து வசூலித்து, மாவட்டந்தோறும் நூலக ஆணைக் குழுக்கள் வழியே செலவிடும் முறை அதனால் வந்தது. ஆங்காங்கே நல்லோர் சிலர் நடத்திவந்த படிப்பகப் பணி, இவ்வாறு ஊர்மக்கள் அனைவரின் பங்களிப்பால் நிலைபெற்றது.

1946இல் அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் மற்றொரு சான்று. தமிழில் கலைக்களஞ்சியம் வெளியிடும் பெரும்பணியை அரசுத் துறையொன்றிடம் ஒப்படைக்காமல், கழகமே மேற்கொண்டது. பொதுமக்கள் நன்கொடையும் அரசு மானியமும் சேர்ந்து அதற்குப் பொருளாயின. சென்னைப் பல்கலைக்கழகம் இடமளித்தது. கொங்கு நாட்டவரும் வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவருமான பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியரானார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. அமைச்சர் பதவி 1949இல் முடிந்த பின்னும் பணி நின்றுவிடவில்லை. பதவியைச் சார்ந்து நில்லாத கழகம் இருந்தமையே அதற்குக் காரணம்.

எல்லாக் கூட்டுறவும் எண்ணியவாறு முடிந்ததில்லை. கிராமப்புற இளைஞர்களுக்கு அவர்தம் சூழலுக்கேற்ற உயர்கல்வி வழங்க, மத்திய அரசு 1956இல் கிராமிய உயர்கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு நிதி தர, தொண்டு நிறுவனங்கள் நடத்துவது என்பது ஏற்பாடு. தமிழகத்தில் காந்திகிராமமும் பெரியநாயக்கன்பாளையம் வித்தியாலயமும் அதில் இடம்பெற்றன. ஆனால் அங்கு வழங்கப்பெற்ற பட்டயத்திற்கு வேலைவாய்ப்பில் பட்டத்திற்குரிய மதிப்பு எளிதில் கிடைக்கவில்லை. நாளடைவில் நாட்டின் இத்தகைய நிலையங்கள் பல, வழக்கமான கல்லூரிகளாக மாறின. ஒரு துறை பொருள் தந்து, மற்றொரு துறை அதன் பயனை ஏற்க மறுத்தால், நடுவில் துன்புறுவோர் மாணவரே என்பதை இது காட்டியது.

அவினாசிலிங்கம் மனம் சோரவில்லை. 1957இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரி தொடங்கினார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் உறுப்பினராக இருந்த இப்பெரியாருக்கு 1970இல் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. 1991 நவம்பரில் அவர் மறைந்தார்.

நான்கு வகைத் தானங்களுள் சாத்திர தானத்தை உயர்வாகப் போற்றும் நாம் இவ்வாழ்விலிருந்து அறியத்தக்கது ஒன்றுண்டு. அவர் முதலில் தம் பொருளைத் தந்தார். பின்னரே அரசின் கரத்தை நாடினார். அரசுக்குத் தொண்டர்தம் அன்பும் விடாமுயற்சியும் தேவை. தொண்டர்க்கு அரசின் பொருளும் பரப்பும் தேவை. ஆயினும் மானியம் வரும் ஆண்டிலும் வாராத ஆண்டிலும் பள்ளியின் கதவு திறந்திருக்க வேண்டுமாயின், அதற்கு ஊராரின் கொடையே அடித்தளம். நம் ஊர்களில் கல்வி அறக்கட்டளை அமைக்க விழைவோர், கணக்கைத் தூய்மையாகவும் கதவை அனைவர்க்கும் திறந்தும் வைப்பாராயின், அரசின் துணை அவர்க்குச் சுமையாகாது, வலிமையாகும்.