அதிகாலையில் கிளம்பிய அம்மா!

குட்டீஸ்... கோபாலபுரத்தில் பள்ளி விட்டு, அவ்வை சண்முகம் சாலை வழியாக நடந்து வரும்போது, மூன்று முனை நட்சத்திரம் பதித்த கார் ஒன்று, சத்தமே இல்லாமல் உங்களைத் தாண்டிப் போயிருக்கும். பென்ஸ் கார் போகிறது பார் என்று, நண்பனின் தோளைத் தட்டிக் காட்டியிருப்பீர்கள்.

அப்படி ஒரு ஜெர்மன் காரை வாங்கப் போகிறவர்கள், ஷோரூமில் என்ன கேட்பார்கள் தெரியுமா? எத்தனை வருடம் வாரண்டி, நடுவழியில் நின்றுவிட்டால் யார் வருவார்கள், உதிரி பாகம் உடனே கிடைக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். பல லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள் அல்லவா? கேட்கத்தானே செய்வார்கள்!

ஆனால், உலகின் முதல் பென்ஸ் கார் வந்தபோது வாரண்டி கிடையாது. மெக்கானிக் ஷெட் கிடையாது. பெட்ரோல் பங்க் கூட கிடையாது. அதனால், அதை வாங்க ஆளும் கிடையாது! அந்தப் பயத்தைப் போக்க, ஓர் அம்மா தன் இரண்டு மகன்களோடு துணிந்து கிளம்பினார். அவர்தான் பெர்த்தா பென்ஸ்.

பைபிளில் இருந்த வரி

ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரில், 1849 மே 3ம் தேதி பெர்த்தா பிறந்தார். அப்பா வசதியான கட்டடக் கைவினைஞர். அந்தக் காலத்தில், வீட்டில் குழந்தை பிறந்தால் குடும்ப பைபிளில் குறித்து வைப்பது வழக்கம். பெர்த்தா பிறந்த நாளுக்கு எதிரே, துரதிருஷ்டவசமாக மறுபடியும் பெண் குழந்தையே என்று அப்பா எழுதியிருந்தாராம். பத்து வயதில் பெர்த்தா அதைப் படித்துவிட்டார் என்று சொல்வார்கள். அந்தப் பிஞ்சு மனசு எப்படி வலித்திருக்கும்!

ஆனால், இயந்திரங்கள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்துகொள்வதில் அந்தச் சிறுமிக்குத் தீராத ஆசை. பெண்கள் கல்லூரிக்குப் போய்ப் பொறியியல் படிக்க முடியாத காலம் அது. கேட்டும் பார்த்தும் தானாகவே கற்றுக்கொண்டார்.

1869ல், ஓர் உல்லாசப் பயணத்தின்போது கார்ல் பென்ஸ் என்ற இளம் பொறியாளரைச் சந்தித்தார். குதிரை இல்லாமல் தானாக ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. கையில்தான் காசில்லை! மேன்ஹைம் நகரில் அவர் தொடங்கிய பட்டறையும், கூட்டாளியோடு ஏற்பட்ட பிரச்னையால் மூழ்கும் நிலைக்கு வந்தது. பெர்த்தா யோசிக்கவே இல்லை. தனக்குச் சேர வேண்டிய சீதனப் பணத்தைத் திருமணத்துக்கு முன்பே அப்பாவிடம் கேட்டு வாங்கி, அந்தப் பட்டறையைக் காப்பாற்றினார். 1872ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

பிறகு வந்த வருடங்கள் எல்லாம் கஷ்டம்தான். கடன் ஒருபக்கம், குழந்தைகள் ஒருபக்கம். 1879ம் ஆண்டின் கடைசி நாள் இரவு, அடம்பிடித்த புது இன்ஜினை இன்னொரு முறை முயன்று பார்ப்போம் என்று கணவரைப் பட்டறைக்கு அழைத்துப் போனவர் பெர்த்தாதான். அன்று இன்ஜின் ஓடியது! புத்தாண்டு பிறந்தபோது, அவர்கள் காதில் தாளம் தவறாத இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வாங்க ஆளில்லாத அதிசயம்

1886 ஜனவரி 29ம் தேதி, கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதன் எண் 37435. மூன்றே சக்கரம். ஒரு குதிரைத் திறன் கூட இல்லாத இன்ஜின். மணிக்கு 16 கி.மீ. வேகம் போனாலே பெரிய விஷயம். நீங்கள் சைக்கிளை அழுத்தி மிதித்தால் அதை முந்திவிடலாம்!

காப்புரிமைப் பத்திரத்தில் கணவருடைய கம்பெனியின் பெயர்தான் இருந்தது. பணம் போட்டு, பட்டறையிலும் கூடவே நின்ற பெர்த்தாவின் பெயர் அதில் இல்லை.

மேன்ஹைம் தெருக்களில் வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். மக்கள் வேடிக்கை பார்த்தார்களே தவிர, வாங்கவில்லை. நல்ல குதிரை இருக்கும்போது, எங்கே நிற்கும் என்று தெரியாத வண்டியை யார் வாங்குவார்கள்? கார்லுக்கு மனம் சோர்ந்துவிட்டது. இன்னும் சரிசெய்ய வேண்டும், இன்னும் சரிசெய்ய வேண்டும் என்று பட்டறைக்குள்ளேயே கிடந்தார். பெர்த்தாவுக்கோ, குறை வண்டியில் இல்லை, மக்கள் மனதில்தான் இருக்கிறது என்று தோன்றியது. தெருமுனை வரை ஓட்டிக் காட்டினால் நம்பிக்கை வருமா? ஊர் விட்டு ஊர் போய்க் காட்டினால்தானே வரும்!

சொல்லாமல் கிளம்பினார்கள்

1888 ஆகஸ்ட். பள்ளி விடுமுறை. விடிந்தும் விடியாத நேரம். மூத்த மகன் யூஜனுக்கு 15 வயது. அடுத்தவன் ரிச்சர்டுக்கு 13. உங்களில் பலருடைய வயதுதான். கார்ல் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் பிள்ளைகளும் வண்டியைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்தார்கள். ஃபோர்ட்ஸ்ஹைமில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போகிறோம் என்று ஒரு சீட்டு மட்டும் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். எதில் போகிறார்கள் என்று அந்தச் சீட்டில் இல்லையாம்!

(நீங்கள் இப்படி வீட்டில் சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். அவர்கள் அம்மாவோடு போனார்கள்!)

போக வேண்டிய தூரம் 100 கி.மீ.க்கும் மேல். கோபாலபுரத்தில் புறப்பட்டால், மேல்மருவத்தூரையும் தாண்டிப் போகிற தூரம். அதுவும் தார்ச்சாலையில் அல்ல. குதிரை வண்டிகள் போன குண்டும் குழியுமான மண் பாதையில். அதுவரை உலகில் யாருமே மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை.

இன்ஜின் சூடாகிக்கொண்டே இருந்தது. கிணற்றிலும் ஓடையிலும் தண்ணீர் பிடித்துப் பிடித்து ஊற்றினார்கள். வீஸ்லாக் ஊரில் எரிபொருள் தீர்ந்துபோகும் நிலை. பங்க் ஏது? துணியில் பட்ட கறையை நீக்க, லிக்ராயின் என்ற பெட்ரோலியத் திரவத்தை மருந்துக் கடையில் விற்பார்கள். வண்டிக்கும் அதுதான் எரிபொருள். பெர்த்தா மருந்துக் கடைக்குள் நுழைந்து அதை வாங்கி ஊற்றினார். அந்த மருந்துக் கடைதான் உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் சொல்கிறார்கள்!

எரிபொருள் வரும் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த நீளமான ஊசியை எடுத்து, அடைப்பை நீக்கினார் பெர்த்தா. மின்கம்பி ஒன்றின் உறை தேய்ந்துபோனது. காலுறை நழுவாமல் கட்டும் பட்டையைக் கழற்றி அதைச் சுற்றினார். சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி தொல்லை கொடுத்தபோது, வழியில் ஒரு கொல்லர் உதவினார்.

மேட்டில் ஏற வண்டிக்குச் சக்தி போதவில்லை. இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்திலோ வேறு ஆபத்து! மரக்கட்டை உரசித்தான் பிரேக் பிடிக்கும். உரசி உரசி அது தேய்ந்துவிட்டது. பவ்ஷ்லாட் என்ற ஊரில் செருப்பு தைப்பவரிடம் போய், பிரேக் கட்டையின் மேல் தோல் வைத்து அடித்துத் தரச் சொன்னார் பெர்த்தா. பிரேக்குக்கு மேலுறை போடும் வழக்கம் அப்படித்தான் பிறந்தது.

பொழுது சாயும் நேரத்தில், புழுதி படிந்த முகங்களோடு மூவரும் ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்தார்கள். நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று கார்லுக்குத் தந்தி பறந்தது! சில நாள் கழித்து, அதே வண்டியிலேயே வேறு வழியாக ஊர் திரும்பினார்கள்.

தழும்புகளே பாடம்

பெர்த்தா புகழை மட்டும் கொண்டுவரவில்லை. எது எது கெட்டது, எங்கே தள்ள வேண்டியிருந்தது என்று ஒவ்வொன்றையும் கணவரிடம் சொன்னார். மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு மியூனிக் கண்காட்சியில், பென்ஸ் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மெல்ல மெல்ல வாங்க ஆட்கள் வந்தார்கள். 1899ல் மட்டும் 572 வண்டிகள் தயாராகின. அப்போது உலகிலேயே பெரிய கார் கம்பெனி அதுதான்!

1929ல் கார்ல் மறைந்தார். பெர்த்தா நீண்ட காலம் வாழ்ந்தார். 1944 மே 3ம் தேதி, அவருடைய 95வது பிறந்த நாளில், கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ செனட்டர் பட்டம் அளித்தது. பெண் என்பதால் படிக்க முடியாமல் போனவரைத் தேடி, பல்கலைக்கழகமே வந்தது! அதற்கு இரண்டு நாள் கழித்து, லாடன்பர்க் ஊரில் அவர் கண்மூடினார்.

வாரண்டி என்றால் என்ன குட்டீஸ்? இதைச் செய்தவர்கள் நாங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் எங்கள் தவறால் கெட்டால், நாங்களே பொறுப்பு என்று தரும் வாக்கு. அந்த வாக்கை முதலில் காகிதத்தில் எழுதவில்லை பெர்த்தா. தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டிக் காட்டினார். கெட்ட இடத்திலேயே சரிசெய்தார். கெட்டதை மறைக்கவும் இல்லை.

நீங்களும் அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்தால், மேஜை மேல் அழகாக வைப்பதோடு நிறுத்தாதீர்கள். ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் வெட்கப்படாதீர்கள். எதனால் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் பதித்த கார் அடுத்த முறை உங்களைத் தாண்டிப் போகும்போது, தொப்பி ஊசியோடு குனிந்து நிற்கும் அந்த அம்மாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்!

குட்டி குட்டித் தகவல்கள்!

* 1894ல் தியோடர் வான் லீபிக் என்பவர் தான் வாங்கிய பென்ஸ் காரில், பொஹீமியாவிலிருந்து ஜெர்மனிக்கு 900 கி.மீ.க்கும் மேல் பயணம் செய்தார். சொந்தக் காரில் ஐரோப்பாவைச் சுற்றுவோருக்கு அவர்தான் முன்னோடி.

* 1926ல் டைம்லர், பென்ஸ் கம்பெனிகள் இணைந்தன. மெர்சிடிஸ் என்பது டைம்லர் கார்களை விற்ற எமில் ஜெலினெக்கின் மகள் பெயர்.

* பெர்த்தா சென்று திரும்பிய பாதை, 2008 முதல் அவர் பெயரால் நினைவுப் பாதையாக இருக்கிறது. மொத்தம் 194 கி.மீ.

* சென்னையை அடுத்த ஒரகடத்தில், 2012ல் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அந்தப் பெயரிலும் பென்ஸ் இருக்கிறது, பார்த்தீர்களா?