பிளற்றிபஸின் தோழர் டேவிட் ஃபிளே

மெல்பேர்ண் மாநகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில் ஹீல்ஸ்வில் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்குள்ள விலங்குச் சரணாலயத்தை நம் மாணவச் செல்வங்கள் பலர் பாடசாலைச் சுற்றுலாவின்போது கண்டிருப்பர். வாத்தின் அலகும் நீர்நாயின் உரோமமும் தட்டையான வாலும் கொண்டு நீரில் புரண்டு திரியும் பிளற்றிபஸை அங்கே கண்டு வியவாதார் இலர். அப்பிராணியை மனிதரின் பராமரிப்பில் முதன்முதலாக இனம்பெருகச் செய்தவர், அச்சரணாலயத்தின் இயக்குநராக விளங்கிய டேவிட் ஃபிளே ஆவார். அவருடைய வாழ்க்கையை நம் சிறுவர்க்கு எடுத்துரைக்க இம்மலரில் விழைகின்றோம்.

ஃபிளே 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், விக்ரோறியா மாநிலத்தில் தங்கச் சுரங்கங்களாற் புகழ்பெற்ற பலரட் நகரில் பிறந்தார். உயிரினங்களைக் கவனிப்பதே இளமை முதல் அவருக்குப் பெருவிருப்பம். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1931இல் பட்டம் பெற்றார்.

1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் தஸ்மேனியாவின் தலைநகரான ஹோபாட்டுக்குச் சென்றார். அங்கிருந்த மிருகக்காட்சிச்சாலையில் ஒரு தைலசின் கூண்டில் அடைக்கப்பட்டிருந்தது. தஸ்மேனியப் புலி என்று மக்கள் அழைத்தபோதிலும் அது புலி இனம் அன்று. நாய் போன்ற உருவமும் முதுகில் வரிகளும் வயிற்றிற் பையும் கொண்ட, கங்காருவுக்கு உறவான பிராணி. ஆடுகளைக் கொல்கிறது என்ற குற்றச்சாட்டின் பேரில், 1888 முதல் 1909 வரை தஸ்மேனிய அரசே அதன் தலைக்கு ஒரு பவுண் விலை வைத்தது. 2,184 விலங்குகளுக்குப் பணம் வழங்கப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. குற்றச்சாட்டு எவ்வளவு மெய் என்று அன்று விசாரித்தோர் மிகச் சிலரே.

ஃபிளே கூண்டினுள்ளே சென்று படம் பிடித்தார். கமராவில் அவர் கண் பதித்திருந்த வேளையில் அப்பிராணி பின்னால் வந்து அவருடைய பிட்டத்திற் கடித்துவிட்டது! அந்தத் தழும்பைப் பற்றி அவர் பின்னாளிற் பெருமையுடன் பேசுவாராம். ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், 2021இல் வண்ணமூட்டப்பட்டு வெளியிடப்பட்டது. தைலசின் கொட்டாவி விடுவதையும் கூண்டில் நடைபோடுவதையும் நம் பிள்ளைகள் இன்றும் அதிற் காணலாம்.

தைலசினைக் கொல்லலாகாது என்று சட்டம் வந்தது 1936 ஜூலை 10ஆம் நாள். அதே மிருகக்காட்சிச்சாலையில் எஞ்சியிருந்த கடைசித் தைலசின் இறந்தது அவ்வாண்டு செப்ரெம்பர் 7ஆம் நாள். இடையில் 59 நாட்களே. காட்டில் இன்னும் ஒன்றேனும் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் 1945, 1946 ஆண்டுகளில் ஃபிளே மாதக்கணக்கில் தஸ்மேனிய மலைகளில் அலைந்தார், வெறுங்கையுடனேயே திரும்பினார்.

மெல்பேர்ண் மிருகக்காட்சிச்சாலையில் அவுஸ்திரேலியப் பிராணிகளுக்கான பகுதியை அமைத்தவரும் ஃபிளேயே. எந்தப் பிராணியும் காட்டில் எதை உண்ணுமோ அதையே கூட்டிலும் உண்ணவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இன்று எளிதாகத் தோன்றும் இக்கருத்து அன்று நிர்வாகத்துக்கு ஒவ்வவில்லை. 1937இல் அவர் வேலை இழந்தார். அவ்வாண்டிலேயே ஹீல்ஸ்வில் சரணாலயம் அவரை அழைத்துக்கொண்டது. இந்த வேலை நீக்கத்தினால் நன்மை பெற்றது பிளற்றிபஸே என்று நாம் கருதுகின்றோம்.

இனி அந்தப் பிராணியின் விந்தையைச் சிறிது கூறுவோம். பாலூட்டி இனமாயிருந்தும் அது முட்டையிடும். தாய்க்கு முலைக்காம்பு இல்லை. வயிற்றுத் தோலிற் கசியும் பாலைக் குட்டிகள் நக்கிக் குடிக்கும். ஆணின் பின்னங்காலில் நஞ்சு முள் உண்டு. நீருள் மூழ்கியதும் கண்ணையும் காதையும் மூடிக்கொள்ளும். இரையின் தசை அசையும்போது எழும் நுண்ணிய மின்னோட்டத்தை அலகினால் உணர்ந்து வேட்டையாடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதன் தோல் இங்கிலாந்தைச் சென்றடைந்தபோது, எவரோ வாத்தலகை ஒட்டித் தைத்திருக்கிறார்கள் என்று அறிஞர்களே ஐயுற்றனர். நிலத்தைத் திணையாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய விலங்கையும் பறவையையும் கருப்பொருளாகக் குறித்துவைத்தனர் நம் முன்னோர். இவ்வுயிரைக் கண்டிருப்பின் எத்திணையிற் சேர்த்திருப்பரோ!

ஹீல்ஸ்வில்லில் ஃபிளே ஓர் ஓடையின் நீரைக்கொண்டு தொட்டியும், வளை தோண்ட மண்மேடும் அமைத்து, ஜாக், ஜில் என்ற சோடியை வளர்த்தார். 1943இன் வசந்தகாலத்தில் ஜில் ஈர இலைகளை வாலிற் சுருட்டி வளைக்குள் எடுத்துச் செல்வதைக் கண்டார். பின் அது வளையை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொண்டு சில நாட்கள் வெளிவரவில்லை. வந்தபோது அதன் பசி நாளுக்கு நாள் பெருகிற்று. பாலூட்டும் தாயின் பசி இது என்று ஃபிளே ஊகித்தார். தோண்டிப் பார்க்க மனம் துடித்திருக்கும். ஆயினும் தாய் அஞ்சிவிடும் என்று அவர் கை வைக்கவில்லை. வாரக்கணக்கிற் புழுக்களை எண்ணி எண்ணிப் போட்டுக் காத்திருந்தார். 1944ஆம் ஆண்டு பிறந்த பின்னரே வளையைத் திறந்தார். உள்ளே ஒரு பெண் குட்டி இருந்தது. அதற்குக் கொறி என்று பெயரிட்டனர். ஹீல்ஸ்வில்லில் இத்தகைய பிறப்பை மறுமுறை காண 1990களின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது என்றால், அவர் செய்ததன் அருமை விளங்கும்.

அதே 1943இல், உலகப் போரின் நடுவே, பிரித்தானியப் பிரதமர் வின்ஸ்ரன் சேர்ச்சில் தமக்குப் பிளற்றிபஸ் வேண்டுமெனக் கேட்டார். ஆறு கேட்ட இடத்தில் ஒன்றை மட்டும் அனுப்ப ஃபிளே இசைந்தார். அதற்கும் வின்ஸ்ரன் என்றே பெயர். மண்புழுக்களுடன் கப்பலேறிய அப்பிராணி, இங்கிலாந்தை அடையச் சில நாட்களே இருந்த நிலையில் இறந்தது. எதிரி நீர்மூழ்கியை விரட்ட வெடித்த குண்டுகளின் அதிர்ச்சியே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. சிட்னியிலுள்ள அவுஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபிளேயின் ஏடுகளைச் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆராய்ந்தனர். வெப்ப மண்டலத்தைக் கடக்கையில் தொட்டி நீர் பல நாட்கள் அளவுமீறிச் சூடேறியதே காரணமாயிருக்கலாம் என்பது 2025இல் வெளியான அவர்களது முடிபு. நீரின் வெம்மை சற்று ஏறினாலும் தாங்கமாட்டாத உயிர் அது.

1947இல் மூன்று பிளற்றிபஸ்களை ஃபிளே தாமே நியூயோர்க் நகருக்குக் கொண்டுசென்று சேர்ப்பித்தார். 1950இல், கெவின் படன் என்னும் இருபது வயதுச் சிட்னி இளைஞர் தைப்பன் பாம்பை உயிருடன் பிடித்து, அது தீண்டியதால் மாண்டார். அந்தப் பாம்பு மெல்பேர்ணுக்கு அனுப்பப்பட்டபோது அதன் நஞ்சைக் கறந்து கொடுத்தவர் ஃபிளே. அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1955இல் மாற்று மருந்து கிடைத்தது. அதற்கு முன்னரே ஹீல்ஸ்வில்லை விட்டு நீங்கி, குவீன்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ற் பகுதியில் தமக்கென ஒரு சரணாலயத்தை 1952இல் தொடங்கியிருந்தார். முதுமையில் அதை அரசிடம் ஒப்படைத்தார். இன்றும் அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் தமது 86ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஃபிளே பேணிய பிளற்றிபஸ் இன்று விக்ரோறியாவில் அழியும் ஆபத்தை நோக்கிச் செல்லும் உயிர்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டுள்ளது. தென் அவுஸ்திரேலியாவில் நிலைமை இன்னும் மோசம். அணைகள், வறட்சி, காட்டுத்தீ, கரையோர மரங்களை வெட்டுதல் என்று காரணங்கள் பல. நம்மவர்களும் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஆற்றில் யாபி பிடிக்கப் பலர் பயன்படுத்திய, ஓபரா மண்டபத்தின் வடிவிலான வலைக்கூண்டினுள் பிளற்றிபஸ் நுழைந்தால் மீண்டு வர இயலாது. மூச்சுக்காக மேலே வரமுடியாமற் சில நிமிடங்களில் மூழ்கி இறக்கும். அவ்வலையை விக்ரோறியா 2019இலும் நியூ சவுத் வேல்ஸ் 2021இலும் தடைசெய்தன. பழைய கூண்டு எவர் வீட்டுக் கராஜிலேனும் கிடந்தால் அதனை அகற்றிவிடலாம்.

சிட்னிக்குத் தெற்கேயுள்ள றோயல் தேசியப் பூங்காவில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் பிளற்றிபஸ் காணப்படவில்லை. 2023 மே மாதம் வேறு ஆறுகளிலிருந்து சிலவற்றைக் கொணர்ந்து அங்குள்ள ஹக்கிங் ஆற்றில் விட்டனர். அடுத்த ஆண்டு, ஆய்வாளர்கள் அந்த ஆற்றில் ஓர் இளம் பெண் பிளற்றிபஸைக் கண்டனர். அது அவர்கள் கொணர்ந்து விட்டவற்றுள் ஒன்றன்று, அங்கேயே பிறந்தது.