மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார்

மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (ஜூலை 14, 1794 - மார்ச் 27, 1868) உடையார் மரபைச் சேர்ந்த மைசூர் மன்னர் ஆவார். கன்னடத்தில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் என்று அழைக்கப்படுகிறார். இசை, ஓவியம், இலக்கியம் ஆகியவற்றைப் புரந்தவர். சதுரங்கம், கஞ்சிபா முதலிய பழைய விளையாட்டுகளைத் தொகுத்தும் விரிவாக்கியும் பதிவு செய்தமையால் விளையாட்டு வரலாற்றில் தனியிடம் பெறுகிறார்.

வாழ்க்கை

இவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறந்தார். 1799 ஆம் ஆண்டு மே மாதம் திப்பு சுல்தான் போரில் இறந்த பின், கிழக்கிந்தியக் கும்பினி உடையார் மரபை மீண்டும் அரியணையில் அமர்த்தியது. அப்போது இவருக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. திவான் பூர்ணையா நிருவாகத்தை நடத்தினார். நாட்டின் பாதுகாப்பு கும்பினிப் படையின் பொறுப்பில் இருந்தது. அதற்காக மைசூர் ஆண்டுதோறும் 7 இலட்சம் வராகன் செலுத்த வேண்டியிருந்தது.

1830-31 இல் நகர் பகுதியில் கிளர்ச்சி எழுந்தது. இதனைக் காரணமாகக் காட்டி, 1831 இல் கும்பினி நிருவாகத்தை ஏற்றுக்கொண்டது. மன்னர் பட்டமும் அரண்மனையும் மட்டும் உடையவரானார். நாட்டைத் திரும்பப் பெற இறுதிவரை முயன்றும் அது அவர் வாழ்நாளில் கைகூடவில்லை. அவருடைய வளர்ப்பு மகன் சாமராஜேந்திர உடையாரிடமே 1881 இல் ஆட்சி ஒப்படைக்கப்பட்டது.

சதுரங்கம்

சதுரங்கம் என்னும் வடசொல் தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகள் கொண்ட படையைக் குறிக்கும். பழைய இந்திய ஆட்டத்தில் காலாள் தொடக்கத்திலும் ஒரு கட்டம் மட்டுமே நகரும். அரசன் ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். ஐரோப்பிய ஆட்ட முறையில் இவ்விதிகள் இல்லை.

உண்மையான படை எதனையும் செலுத்த இயலாத இம்மன்னர் பலகைப் படைகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டார். குதிரை 64 கட்டங்களிலும் ஒவ்வொரு முறை மட்டும் தங்கிச் செல்லும் குதிரைச் சுற்றுப் புதிர்களை அமைத்தார். தங்கும் வரிசைப்படி கட்டங்களுக்கு 1 முதல் 64 வரை எண்ணிட்டால், ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் 260 ஆக வரும்படி அமைவது இவ்வகைப் புதிர்களில் அரியதாகும்.

கஞ்சிபா

கஞ்சிபா என்பது கையால் வண்ணம் தீட்டிய, பெரும்பாலும் வட்ட வடிவிலான சீட்டுகளால் ஆடப்படுவது. இதுவும் படைகளோடு தொடர்புடையது. அயினி அக்பரி விவரிக்கும் 144 சீட்டுகள் கொண்ட கட்டில் குதிரைப்படை, யானைப்படை, காலாட்படை ஆகியவற்றுக்குத் தலைவர்கள் உண்டு. மைசூரில் இவ்வாட்டம் சாட் எனப்பட்டது. மன்னர் வகுத்த சாட் ஆட்டங்களுக்கு 36 முதல் 360 வரை சீட்டுகள் தேவைப்பட்டன.

ஸ்ரீதத்துவநிதி

இவர் ஆதரவில் உருவான ஸ்ரீதத்துவநிதி ஒன்பது பகுதிகள் கொண்ட ஓவிய நூலாகும். இதன் கௌதுகநிதி என்னும் பகுதியில் பலகை விளையாட்டுகளும் சீட்டாட்டங்களும் இடம்பெற்றுள்ளன. 122 யோகாசனங்களின் படங்களும் உள்ளன. 1861 இல் கட்டப்பட்ட ஜகன்மோகன் அரண்மனையின் சுவர்களிலும் விளையாட்டுக் கட்டங்கள் தீட்டப்பட்டன.

பிற்காலம்

அச்சிட்ட ஐரோப்பியச் சீட்டுகள் மலிவாகக் கிடைத்தமையாலும் அரச ஆதரவு குறைந்தமையாலும் கஞ்சிபா பெரும்பாலும் வழக்கொழிந்தது. பழைய கட்டுகள் பல சீட்டுகள் குறைந்த நிலையில் கைமாறி, சேகரிப்பாளர்களிடமும் அருங்காட்சியகங்களிலும் சேர்ந்தன. கும்பினிப் படையும் இந்திய அரசர் படையும் எதிரெதிரே நிற்கும், தந்தத்தில் செதுக்கிய அக்காலச் சதுரங்கக் காய்களும் இவ்வாறே கைமாறி வருகின்றன. ருடால்ஃப் வான் லைடன் கஞ்சிபாக் கட்டுகளைத் திரட்டி ஆராய்ந்து எழுதினார்.

2022 இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. இந்தியாவில் அப்போட்டி நடந்தது அதுவே முதன்முறை. அங்கு ஆடப்பட்டது இன்றைய பன்னாட்டு விதிகளின்படியான ஆட்டமாகும். காயோ சீட்டோ மட்டும் கிடைத்தால் வழக்கொழிந்த ஆட்டம் ஒன்றை ஆட இயலாது. விதியும் தெரிந்திருத்தல் வேண்டும். பழைய ஆட்டங்களை அவற்றின் பழைய முறையிலேயே ஆட விரும்புவோருக்கு இம்மன்னர் விட்டுச்சென்ற ஏடுகள் அவ்வகையில் முதன்மையான சான்றுகளாக உள்ளன.