உடலியல் அறிஞர் லாங்லி

கையை நீட்ட வேண்டும் என்று எண்ணிய கணமே கை நீளுகின்றது. ஏவல் நரம்பின் வழியே ஓடித் தசையை அடைகின்றது, தசை சுருங்குகின்றது. இதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆனால், நரம்பு முடிந்து தசை தொடங்கும் நுண்ணிய எல்லையில் அவ்வேவலைப் பெற்றுக்கொள்வது எது? இவ்வினாவிற்கு விடை காண வழி திறந்தவர் ஜான் நியூபோர்ட் லாங்லி என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

லாங்லி 1852ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் நியூபரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். 1871இல் கேம்பிரிட்ஜில் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்த லாங்லி, முதலில் கணிதமும் வரலாறும் பயின்றார். தாயகத்திலோ இந்தியாவிலோ சிவில் சர்வீஸ் பதவி பெறுவதே அவர் நோக்கம். அது நிறைவேறியிருப்பின், நம் நாட்டு மாவட்டம் ஒன்றில் வரி தண்டும் கலெக்டராக அவர் வாழ்நாள் கழிந்திருக்கவும் கூடும். ஆனால், அங்கு உடலியல் கற்பித்த மைக்கேல் பாஸ்டர் என்னும் பேராசிரியரின் தூண்டுதலால் அவர் உள்ளம் மாறிற்று. 1873இல் இயற்கை அறிவியலுக்கு மாறி, மறு ஆண்டே முதல் வகுப்பில் தேறினார்.

1875இல் பாஸ்டர் தம் மாணவரிடம் ஒரு மருந்துச் சாற்றைக் கொடுத்து ஆராயப் பணித்தார். அது பிரேசில் நாட்டு ஜபொராண்டி இலையிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் உள்ள பைலோகார்ப்பின் என்னும் பொருள் உமிழ்நீரைப் பெருகச் செய்யும். அட்ரோப்பின் என்னும் நஞ்சோ அதனை நிறுத்திவிடும். இவ்விரண்டில் எது மிகுதியாகச் செலுத்தப்பட்டதோ அதுவே வெல்வதை லாங்லி கண்டார். எனவே, இவ்விரண்டும் உடலில் உள்ள ஏதோ ஒரு பொருளுடன் சேர்கின்றன போலும் என்று 1878இல் எழுதினார். அப்பொழுது அது வெறும் கருத்தளவே. அதன்பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் சுரப்பிகளையும் நரம்புகளையும் ஆராய்வதில் கழிந்தன. நம் விருப்பத்திற்கு உட்படாது இயங்கும் நரம்புத் தொகுதிக்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் என இன்று நாம் வழங்கும் பெயரைத் தந்தவரும் அவரே. 1903இல் பாஸ்டருக்குப் பின் பேராசிரியர் ஆனார்.

பழைய கருத்து 1905இல் புத்துயிர் பெற்றது. கோழியின் உடலில் நிகோட்டினைச் செலுத்தினால் அதன் கால் தசைகள் இறுகி விறைத்து நிற்கும். குராரே என்பது தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் நஞ்சு. அதனைச் செலுத்தினால் அவ்விறைப்பு நீங்கும். இந்நஞ்சுகள் நரம்பின் நுனியையே தாக்குகின்றன என்பது அந்நாளில் பரவியிருந்த கொள்கை. லாங்லி அதனைச் சோதிக்கத் துணிந்தார். தசைக்குச் செல்லும் நரம்பை அறுத்து, அதன் நுனிகள் அழிந்துபோகும் அளவிற்கு நாட்கள் செல்லவிட்டார். பின்னர் நிகோட்டினைச் செலுத்தினார். நரம்பே இல்லாத அத்தசை முன்போலவே சுருங்கிற்று! குராரேயும் முன்போலவே அதனைத் தளர்த்திற்று. ஆகவே, நஞ்சுகள் செயற்படும் இடம் நரம்பன்று, தசையே என்பது தெளிவாயிற்று.

ஆயினும் அவர் அத்துடன் நிற்கவில்லை. குராரே ஏறிய தசையை மின்னோட்டத்தால் நேரே தூண்டினால் அது சுருங்குகின்றதே! அங்ஙனமாயின், குராரே தசையின் சுருங்கும் ஆற்றலைக் கெடுக்கவில்லை. தசையினுள் சுருங்கும் பொருள் ஒன்று; ஏவலை ஏற்று அதற்குத் தெரிவிக்கும் பொருள் வேறொன்று. இரண்டாவதற்கு அவர் ஏற்கும் பொருள் என்று பெயரிட்டார். பின்னர், தவளையின் தசையில் நிகோட்டினைச் சிறுகச் சிறுக இட்டு, நரம்பு வந்து சேரும் இடத்திலேயே அது மிகுதியும் செயற்படுவதைக் காட்டினார்.

கண்ணால் காணவும் தனியே பிரித்தெடுக்கவும் இயலாத ஒரு பொருளை எல்லோரும் நம்பிவிடவில்லை. ஜெர்மானிய அறிஞர் பால் ஏர்லிக் அதனை வரவேற்றார். லாங்லியிடம் பயின்ற ஹென்றி டேலோ நெடுங்காலம் ஐயுற்றிருந்தார். மாணவர் ஆசிரியரை ஐயுறுவது அறிவியலில் குற்றமாகாது.

உடலியல் ஆய்விதழ் ஒன்றை 1894 முதல் லாங்லியே பொறுப்பேற்று நடத்திவந்தார். பிறர் கட்டுரைகளில் வீண்சொல் கண்டால் இரக்கமின்றி வெட்டுவார். சிலவற்றைத் தாமே திருத்தி எழுதிவிடுவார். இதனால் மனம் வருந்தியோரும் உண்டு. குளிர்காலத்தில் பனித்தரையில் சறுக்கி ஆடுவதில் அவருக்குப் பெருவிருப்பம். இறுதிவரை ஆசிரியப் பணியையும் இதழ்ப் பணியையும் விடாத அவர், 1925 நவம்பர் 5ஆம் நாள் நிமோனியாவால் காலமானார்.

1936இல் டேலும் அவர்தம் துணைவரும் நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டுத் தசையை இயக்குவதை மெய்ப்பித்தனர். அதனை ஏற்பது எது என்னும் வினா எஞ்சி நின்றது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் நஞ்சு அவ்வேற்பியை விடாது பற்றிக்கொள்ளும் என்பதைத் துணையாகக் கொண்டு, மின்விலாங்கு, மின்திருக்கை ஆகியவற்றின் மின்னுறுப்புகளிலிருந்து அறிஞர்கள் அதனைப் பிரித்தெடுத்தனர். அது ஒரு புரதம். ஐந்து கூறுகள் வட்டமாகக் கூடி, நடுவே ஒரு சிறு வாயிலைக் கொண்டது. அசிட்டைல்கோலின் வந்து பொருந்தியதும் அவ்வாயில் திறக்கின்றது. 1983இல் ஜப்பானிய அறிஞர் ஷோசாகு நூமாவின் குழுவினர் மனிதத் தசையேற்பியின் முதன்மைக் கூறு ஒன்றிற்குரிய மரபணுவைப் படித்தறிந்தனர்.

இன்று இத்தகைய மனித மரபணுவை வேறு உயிரணுக்களில் புகுத்தி, அவற்றைக் கொண்டே ஏற்பியின் கூறுகளை ஆய்வுக்கூடங்களில் உண்டாக்குகின்றனர். தசைகளைத் தளரச் செய்து, இமைகளைத் தொங்கவிடும் மயஸ்தீனியா என்னும் நோயில், பெரும்பாலும் உடலின் காப்புப் பொருள்களே இவ்வேற்பியைப் பகையெனக் கருதித் தாக்குகின்றன. அத்தாக்குதல் ஏற்பியின் எப்பகுதியில் நிகழ்கின்றது என்று ஆராய்வோர், லாங்லி கோழியின் காலில் உய்த்துணர்ந்த அப்பொருளையே சிறு குப்பியில் கையில் எடுக்கின்றனர்.