வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (இறப்பு: சனவரி 20, 1823) இந்தியாவின் பெரும் முக்கோணவியல் நில அளவையைத் தொடங்கி நடத்திய பிரித்தானியப் படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். நிலத்தை அளந்ததோடு நில்லாமல், தம் அளவீட்டின் பிழையையும் அளந்தறிய முயன்றது இவரது பணியின் சிறப்பாகும்.

இளமையும் படைப்பணியும்

இங்கிலாந்தின் யார்க்சயரில் பிறந்த லாம்டன், அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்று 1781 இல் யார்க்டவுனில் சிறைப்பட்டார். பின்னர் இந்தியா வந்து, 1799 இல் சிறீரங்கப்பட்டின முற்றுகையில் கலந்துகொண்டார். போருக்குப் பின் தீபகற்பத்தைக் கடற்கரையிலிருந்து கடற்கரை வரை அளக்கும் திட்டத்தை முன்வைத்தார்.

அடிக்கோடு

ஏப்ரல் 10, 1802 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே அளவீடு தொடங்கியது. ஏறத்தாழ 7.5 மைல் நீளமான அடிக்கோட்டை, 100 அடி எஃகுச் சங்கிலியைச் சுமார் 400 முறை நீட்டி 57 நாட்களில் அளந்தனர். வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பநிலையும் குறிக்கப்பட்டது. இரண்டாவது சங்கிலியொன்று ஒப்பீட்டுக்கென்றே காக்கப்பட்டது.

சரிபார்ப்பு

ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் பிற பக்கங்களைக் கணிக்கலாம். ஆனால் முதல் பிழை அடுத்தடுத்த முக்கோணங்களுக்கும் பரவும். எனவே 1804 இல் பெங்களூர் அருகே மற்றோர் அடிக்கோட்டை நேரடியாக அளந்தார். சென்னையிலிருந்து கணித்த நீளத்துக்கும் இதற்கும் இருந்த வேறுபாடு 3.7 அங்குலம் மட்டுமே. பழைய வரைபடங்களில் சுமார் 400 மைல் எனக் காட்டப்பட்ட தீபகற்பத்தின் அகலம் 360 மைல் எனவும் தெரியவந்தது.

தஞ்சாவூர் விபத்து

1808 இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி கயிறு அறுந்து மோதியதில் அதன் கோண வட்டம் நெளிந்தது. நெளிந்த வட்டம் எத்தனை முறை அளந்தாலும் ஒரே தவறான விடையைத் தரக்கூடும். அளவீடுகள் ஒத்துப்போவது நம்பகத்தன்மை. அவை உண்மையைக் காட்டுவது ஏற்புடைமை. லாம்டன் ஆறு வாரங்கள் செலவிட்டு வட்டத்தைத் தாமே சீர்செய்து பணியைத் தொடர்ந்தார்.

தாக்கம்

1817 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். பெரும் முக்கோணவியல் நில அளவை என்னும் பெயர் 1818 இல் ஏற்பட்டது. சென்னை மாகாணத்தின் விரிவான நில அளவைகளுக்கு இவரது முக்கோணங்கள் சட்டகமாயின. கம்பம் பள்ளத்தாக்கு அடங்கிய திண்டுக்கல், மதுரைப் பகுதிகளைப் பி. எஸ். வார்டு அக்காலத்தில் அளந்தார்.

லாம்டன் இன்றைய மகாராட்டிரத்தின் இங்கன்காட்டில், பணியிலிருக்கும்போதே இறந்தார். சியார்ச் எவரெசுட்டு பணியைத் தொடர்ந்தார். லாம்டனின் அளவீடுகளில் சில பிற்காலத்தில் மேம்பட்ட கருவிகளால் மீண்டும் அளக்கப்பட்டன.