தெருவுக்கு வைத்தியம் செய்தவர்

பழைய வீடு என்றால் இடித்துத் தள்ளத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை என்று காட்டியவர் பாட்ரிக் கெட்டிஸ்.

1854-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தவர். செடி கொடிகளை ஆராய்ந்த அறிஞர். 1886-ல் அன்னா என்ற பெண்ணை மணந்தார்.

எடின்பரோ நகரின் நடுவே பழைய மாடிக் கட்டிடங்கள் பாழடைந்து கிடந்தன. வசதி உள்ளவர்கள் வெளியேறிவிட்டார்கள். ஏழைகளே அங்கு நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கெட்டிசும் அன்னாவும் அங்கேயே குடியேறினார்கள்! அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு குப்பையை அகற்றினார்கள், வெள்ளையடித்தார்கள். பழைய வீடுகள் மாணவர் விடுதிகளாயின.

1914-ல் கெட்டிஸ் இந்தியாவுக்கு வந்தார். நகர அமைப்புக் கண்காட்சிக்கான படங்கள் தனிக் கப்பலில் வந்தன. சென்னையில் குண்டு போட்ட அதே 'எம்டன்' அந்தக் கப்பலை மூழ்கடித்துவிட்டது. அவர் தளரவில்லை. வேறு படங்களைத் திரட்டி, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடத்தினார்.

பிறகு மதுரை, தஞ்சை முதலிய ஊர்களில் தெருத்தெருவாக நடந்து பார்த்தார். நெரிசலான இடத்தில் வீடுகளை வரிசையாக இடித்து, அகலமான சாலை போடுவது அன்றைய வழக்கம். குடியிருந்த ஏழைகள் எங்கே போவார்கள்?

நல்ல வைத்தியர் புண்ணை மட்டும் அறுப்பார், காலையே வெட்டமாட்டார். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்குக் கெட்டிஸ் வகுத்த திட்டமும் அப்படித்தான். மிகவும் பழுதான வீடுகளை மட்டும் அகற்றுவது, அந்த இடத்தில் மரம் நடுவது, மற்றவற்றைக் காப்பாற்றுவது. செலவும் குறைவு, குடி பெயர்வோரும் குறைவு.

1917-ல் மூத்த மகன் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டான். அதே ஆண்டு அன்னாவும் இந்தியாவில் காய்ச்சலால் இறந்தார். அத்தனை துயரத்திலும் கெட்டிஸ் பணியை விடவில்லை. 1932-ல் காலமானார்.

பூட்டிய வீடும் இடிந்த திண்ணையும் இன்றும் நம் ஊர்களில் உண்டு. கடப்பாரையை எடுக்குமுன் கெட்டிசை நினைத்துக்கொள்வது நல்லது.