தரிசு நிலத்தில் குளவிகளைப் படித்த ஆசிரியர்

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகிவிடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். குருவையும் சீடனையும் பற்றிப் பேசும் பிரசங்கங்களில் இந்த உவமை இன்றும் வரும். யன்னல் ஓரத்து மண்கூட்டுக்குள் குளவி ஒரு புழுவை இழுத்துச் செல்வதை நம் முன்னோர் கண்டார்கள். சில கிழமைகளின் பின் அதே கூட்டிலிருந்து ஒரு குளவி வெளியேறுவதையும் கண்டார்கள். இடையில் உள்ளே நடப்பதைத்தான் காணவில்லை. அதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர், பிரான்ஸ் தேசத்துப் பள்ளி ஆசிரியர் ழான் ஆன்றி ஃபாபர்.

2022இல் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, பயிர் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது அரசாங்கம். வெள்ளவத்தை மொட்டைமாடிகளிலும் கொட்டாஞ்சேனை பல்கனிகளிலும் பெயின்ற் வாளிகளில் கத்தரியும் மிளகாயும் முளைத்தன. யுத்தத்தில் தோட்டத்தையும் கிணற்றையும் விட்டுவந்து கொழும்பில் தங்கிவிட்ட பலருக்கு அது பழைய கைப்பழக்கம். புழு விழுந்ததும் என்ன மருந்து அடிப்பது என்பதுதான் அவர்களிடம் நான் அதிகம் கேட்ட கேள்வி. ஃபாபரைத் தேடி வாசிக்க வைத்தது அந்தக் கேள்விதான்.

1823 டிசம்பரில், பிரான்சின் தென்பகுதியில் உள்ள சென் லியோன் என்ற கிராமத்தில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். பிழைப்புக்காகக் குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. பதின்ம வயதில் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார், புகையிரதப் பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தார். போட்டிப் பரீட்சையில் உதவித்தொகை வென்று ஆசிரியரானார். 1855இல், வேட்டைக் குளவியொன்று வண்டைக் கொன்று சேமிப்பதில்லை, கொட்டி முடமாக்கியே வைக்கிறது என்று எழுதினார். இறந்த இரை அழுகிவிடும். உயிரோடு அசையாமல் கிடக்கும் இரைதான் குஞ்சுக்குக் கடைசிவரை உணவாகும். அவருடைய கருத்துகளோடு கடைசிவரை உடன்படாத ஆளாக ஃபாபர் இருந்தும், டார்வின் அவரது கவனிப்பைப் பாராட்டினார்.

பாராட்டு சோறு போடவில்லை. அவிஞ்ஞோன் நகரில் மாலை வகுப்பு நடத்தியபோது, பூக்களின் மகரந்தச் சேர்க்கையை இளம்பெண்களுக்கும் விளக்கினார். ஊரின் பழமைவாதிகளுக்கு அது பொறுக்கவில்லை. 1870இல் வேலையை விடவேண்டி வந்தது. வாடகை வீட்டையும் காலிசெய்யச் சொன்னார்கள். மெய்யியலாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில் 3,000 பிராங் கடன் கொடுத்திருக்காவிட்டால், மனைவி பிள்ளைகளோடு எங்கே போயிருப்பாரோ. பாடப்புத்தகங்கள் எழுதியே அந்தக் கடனை அடைத்தார். 1877இல், தன்னோடு பூச்சி தேடி அலைந்த மகன் ஜூல் 16 வயதில் இறந்தான். தான் புதிதாக விவரித்த சில குளவிகளுக்கு மகனின் பெயரை வைத்தார்.

1879இல், 55 வயதில், செரிஞான் ஊரில் ஒரு துண்டுக் காணி வாங்கினார். கல்லும் முள்ளும் நிறைந்து, பயிருக்கு உதவாமல் கைவிடப்பட்ட நிலம். அப்படிப்பட்ட தரிசுக்கு அந்த ஊர் வழக்கில் சொல்லும் பெயர் அர்மாஸ். அதையே வீட்டுக்கும் பெயராக்கினார். அடுத்த 36 வருடங்கள் அதுதான் அவரது ஆய்வுகூடம். பூச்சிகளைப் பற்றிய பத்துப் பாகங்களில் பெரும்பகுதியை அங்கிருந்துதான் எழுதினார். மீள்குடியேறிப் பற்றைக்காட்டை வெட்டித் துப்புரவாக்கியவர்களுக்கு அந்த வயதில் அப்படித் தொடங்குவதன் பாரம் தெரியும்.

மண்சட்டி போலக் கூடு கட்டும் குளவியின் கூட்டை அவர் திறந்து பார்த்தார். உள்ளே அரைகுறையாக நெளியும் சிறு புழுக்கள். முட்டையோ கூட்டின் கூரையில் மெல்லிய இழையில் தொங்கியது, புழுக்களின் நெளிவில் நசுங்காமல் இருக்க. முட்டையிலிருந்து வரும் குஞ்சு புழுக்களைத் தின்று வளர்ந்து குளவியாகிறது. புழு குளவியாவதில்லை, குளவிக்கு உணவாகிறது. பயிரின் அடித்தண்டை அறுக்கும் சாம்பல் நிறப் புழுவை வேறொரு குளவி மண்ணுக்குள்ளிருந்து கிண்டியெடுத்து, கண்டம் கண்டமாகக் கொட்டுவதையும் விவரித்தார். அந்தக் கொட்டு அவர் சொன்ன அளவுக்கு எப்போதும் துல்லியமானதல்ல என்று பின்வந்தவர்கள் திருத்தினார்கள். புழுவை வேட்டையாடுகிறது என்பதில் மாற்றமில்லை.

கோவாப் புழுவைப் பற்றி அவர் எழுதியது தோட்டக்காரர்களுக்கு நேரடியாக உதவும். கொசு அளவுள்ள ஒரு குளவியின் குஞ்சுகள் புழுவின் உடலுக்குள்ளேயே வளர்கின்றன. பிறகு தோலைத் துளைத்து வெளியே வந்து, பக்கத்திலேயே மஞ்சள் நிறக் கூடுகளைப் பின்னுகின்றன. புழு செத்துப்போகிறது. எங்கள் செடிகளில் பச்சரிசி போல வெள்ளைக் கூடுகள் ஒட்டிய புழுக்களைக் காணலாம். அவற்றைப் புழுவின் முட்டை என்று நினைத்து நசுக்குகிறவர்கள், தங்களுக்காகச் சம்பளமின்றி வேலை செய்கிறவர்களைத்தான் கொல்கிறார்கள்.

இது வெறும் புத்தகக் கதையல்ல. மலையகத் தேயிலையைச் சுருட்டித் தின்ற புழுவுக்கு எதிராக, 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. புழு அடங்கியது. பின்னர் தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற நஞ்சை அடித்தபோது குளவிகள் பாதிக்கப்பட்டன, அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மறுபடி பெருகியது. பூச்சிக்கொல்லியைக் கடனுக்கு வாங்கித் தெளிக்கும் வடக்குக் கிழக்கு விவசாயி இதை அறிந்திருக்க வேண்டும். முதலில் சாவது பல நேரங்களில் புழு அல்ல, புழுவைத் தின்பது.

குளவிகள் எல்லாப் புழுவையும் ஒழித்துவிடா. சில இலைகள் போகத்தான் செய்யும். ஆனால் வீட்டுத்தோட்டத்தில் செய்யக்கூடியது எளிது: கையால் பொறுக்கக்கூடிய புழுவைப் பொறுக்குவது, வெள்ளைக் கூடு ஒட்டிய புழுவை விட்டுவைப்பது, யன்னல் ஓரத்து மண்கூட்டை உடைக்காதிருப்பது, குளவிகள் தேன் குடிக்கத் துளசி போன்ற பூக்கும் செடிகளை வைத்திருப்பது.

ஃபாபர் முதுமையிலும் வறுமையோடுதான் இருந்தார். புகழ் மிகத் தாமதமாக வந்தது. முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1915 ஒக்டோபர் 11ஆம் திகதி அர்மாஸில் காலமானார். யாரும் வேண்டாமென்று விட்ட அந்தக் காணி, இன்று பிரான்சின் தேசிய இயற்கை வரலாற்று நூதனசாலையின் பராமரிப்பில் இருக்கிறது.